நூலகர் பதில்கள்: இரண்டாவது பக்கத்தைத் தாண்டினால் போதும்

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாவல் தேர்ந்தெடுப்பது பற்றி வந்தவற்றில் ஏழு கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பள்ளி நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கீழே நான் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் நானும் படித்தவை, பிள்ளைகள் படித்துவிட்டு என்னிடம் வந்து பேசியவை.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. போன வருடம்வரை படக்கதைகளை விழுந்து விழுந்து படித்தாள். இப்போது படம் இல்லாத புத்தகம் எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். இந்த வயதுக்கென்று நாவல்கள் தனியாக உண்டா?

உண்டு. பதிப்பாளர்கள் இதை ‘மிடில் கிரேடு’ என்கிறார்கள். கதையில் வரும் பையனோ பெண்ணோ பெரும்பாலும் படிக்கிற பிள்ளையைவிட ஓரிரு வயது மூத்தவராக இருப்பார், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பை எட்டிப் பார்க்கத்தான் ஆசை. பெரியவர்களும் கதையில் உண்டு. ஆனால் முடிச்சை அவிழ்ப்பது பிள்ளையாகத்தான் இருக்கும். கடைசியில் ஒரு மாமா வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போகிற கதையை இந்த வயதுப் பிள்ளைகள் மன்னிக்கவே மாட்டார்கள்.

உங்கள் மகளைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். படக்கதையில் முகத்தையும் மரத்தையும் வீட்டையும் வேறொருவர் வரைந்து கொடுத்துவிட்டார். நாவலில் அவளே மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். யார், எங்கே, என்ன நடக்கிறது என்று ஒன்றுமே பிடிபடாத முதல் இரண்டு பக்கத்தில்தான் அந்த உழைப்பு மிக அதிகம். அவள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறாள். அந்த இரண்டு பக்கத்தை அவளுக்காக நீங்கள் வாசித்துவிடுங்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணி நூலக வகுப்பு. ஈ. பி. ஒயிட் 1952இல் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’ நாவலை எடுத்துக்கொண்டு போய் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். காலை நேரம். அப்பா கோடரியோடு வெளியே போகிறார். எங்கே போகிறார் என்று ஃபெர்ன் அம்மாவிடம் கேட்கிறாள். இரவு பன்றிக்குட்டிகள் பிறந்திருக்கின்றன, அதில் ஒன்று சவலை, அதைத் தீர்த்துவிடப் போகிறார் என்கிறாள் அம்மா. ஃபெர்ன் ஈரப் புல்லில் ஓடுகிறாள். கோடரியைப் பிடித்து இழுக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வருகைப்பதிவை எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மேசையைச் சுற்றி ஆறு தலைகள். புத்தகம் திறந்திருந்தது. வேகமாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் இருந்தது ஒரே பிரதி. அடுத்த வாரத்துக்குள் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் வரிசை எண் போட்டு ஒன்பது பெயர்கள் எழுதியிருந்தார்கள். நான் அதை அழிக்கவே இல்லை.

நிறுத்துகிற இடம் முக்கியம். அத்தியாயத்தை முழுதாக முடித்துவிட்டு நிறுத்தினால் அவளும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவாள்.

‘சார்லட்ஸ் வெப்’ அவளுக்கு ஏற்றதுதான். அது வேண்டாமென்றால் ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் ‘பிப்பி லாங்ஸ்டாக்கிங்’ கொடுங்கள். 1941இல் அவருடைய மகள் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, அப்போதே தன் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி அந்தப் பெண்ணைப் பற்றிக் கதை சொல்லும்படி கேட்டிருக்கிறாள். அது 1945இல் புத்தகமானது. ஒரு பிள்ளை கேட்டு வாங்கிய கதை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கதை மாதிரி இருப்பதால் படக்கதையிலிருந்து வருகிற பிள்ளைக்கு மூச்சு வாங்காது.

கேள்வி: எங்கள் வீட்டில் சமீபத்தில் பாட்டி தவறிவிட்டார். என் மகனுக்கு 9 வயது. பாட்டியிடமே வளர்ந்தவன். சாவு வருகிற கதைப் புத்தகங்களை அவன் கண்ணிலேயே காட்டாதே என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. இப்போதே கொண்டுபோய்க் கையில் திணிக்காதீர்கள். ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து ஒளித்தும் வைக்காதீர்கள். அவன் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மேலே சொன்ன ‘சார்லட்ஸ் வெப்’பைத்தான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சார்லட் ஒரு சிலந்தி. வில்பர் என்கிற பன்றியைக் கொல்லவிடாமல் காப்பாற்றத் தன் வலையில் சொற்களை நெய்கிறவள். கடைசியில் அவள் இறந்துபோகிறாள். கண்காட்சி முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன மைதானத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். ஒயிட் அதை மெழுகிச் சொல்லவில்லை. சொர்க்கத்துக்குப் போனாள், நட்சத்திரமானாள் என்றெல்லாம் எழுதவில்லை. இந்த நாவலை அவரே வாசித்து ஒலிப்பதிவு செய்தபோது அந்த இடத்தை ஒழுங்காக வாசித்து முடிக்க அவருக்குப் 17 முறை ஆனது என்று பதிவு செய்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கே தொண்டை அடைத்திருக்கிறது. ஆனாலும் அந்த வரியை அவர் மாற்றவில்லை.

எங்கள் நூலகத்தில் இதைப் படித்த பையன் ஒருவனை மறக்க முடியாது. அவன் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தில் விரலைக் கொடுத்து மூடிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். “மிஸ், சார்லட் செத்தப்போ ஏன் யாருமே கூட இல்ல?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. “எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நானும் கூட இல்ல” என்றான். அதுவரை அவன் பள்ளியில் யாரிடமும் அப்பாவைப் பற்றிப் பேசியதில்லை என்று அவனுடைய வகுப்பாசிரியை பிறகு சொன்னார். அவன் அழவில்லை. இருக்கைக்கும் போகவில்லை. என் மேசையோரத்தில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தான். சார்லட்டின் முட்டைப் பையை வில்பர் வாயில் பத்திரமாக வைத்துத் தொழுவத்துக்குக் கொண்டுவந்திருப்பான். அதில் 514 முட்டைகள். வசந்தம் வந்ததும் குஞ்சுகள் வெளியே வந்து காற்றில் பறந்து போய்விடும், மூன்று மட்டும் தங்கிவிடும். “மூணு இருக்கு மிஸ்” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

நல்ல நாவல் எது என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: அது பிள்ளையிடம் பொய் சொல்லாது. வேறொரு நாவலின் சுருக்கப் பதிப்பு ஒன்றில், நாய் சாகிற அத்தியாயத்தையே எடுத்துவிட்டு அது எங்கோ ஓடிப்போனதாக எழுதியிருந்தார்கள். முழு நாவலையும் முன்பே படித்திருந்த ஒரு பெண் அதைக் கண்டுபிடித்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று முகம் சிவக்க என்னிடம் காட்டினாள். அவள் கோபம் நியாயம். சுருக்கப் பதிப்பு வாங்குமுன் அதில் எதை எடுத்தார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

கேத்தரின் பாட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெரபிதியா’ (1977) பற்றியும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். தன் மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த பிறகு அவர் எழுதியது. ஜெஸ் என்கிற பையன் ஒருநாள் தோழி லெஸ்லியைக் கூப்பிடாமல் தான் மட்டும் வெளியூர் போய்வருகிறான். அன்றைக்குப் பார்த்து அவள் இறந்துபோகிறாள். கூப்பிட்டிருக்கலாமே என்கிற அந்தக் குற்ற உணர்ச்சியை இவ்வளவு நேராக எழுதிய இன்னொரு சிறுவர் நாவலை நான் படித்ததில்லை. அதனால்தான் இப்போது உங்கள் மகனுக்கு அது வேண்டாம் என்கிறேன். 11 வயது ஆகட்டும். அதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். அவன் படிக்கும்போது நீங்கள் வீட்டில் இருங்கள்.

கேள்வி: மிஸ், எனக்கு 12 வயசு. எனக்குத் துப்பறியும் கதைதான் பிடிக்கும். ஆனா பேய் வரக் கூடாது. கொலையும் ரொம்ப வேண்டாம். பெரியவங்க கண்டுபிடிக்காம பசங்களே கண்டுபிடிக்கணும். இருக்கா?

இருக்கு கண்ணு. உன் கடிதம்தான் இந்த மாதம் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம். என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகப் பெரியவர்கள்கூடக் கேட்பதில்லை.

முதலில் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’. ஜெர்மன் எழுத்தாளர் எரிஷ் கேஸ்ட்னர் 1929இல் எழுதியது. ‘எமில் அண்ட் தி டிடெக்டிவ்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் நூலகத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். எமிலின் அம்மா முடிதிருத்துகிற வேலை பார்த்து அவனை வளர்க்கிறார். பாட்டியிடம் கொடுக்கச் சொல்லி 140 மார்க் பணத்தை அவனிடம் தந்து பெர்லினுக்கு ரயிலேற்றி விடுகிறார். பணம் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் அதைச் சட்டையின் உள்பையில் வைத்து ஒரு குண்டூசியால் குத்தி வைக்கிறான். ரயிலில் எதிரே ஒரு தொப்பிக்காரர். எமில் கண்ணயர்ந்துவிடுகிறான். எழுந்து பார்த்தால் பணமும் இல்லை, ஆளும் இல்லை. போலீசிடம் போக அவனுக்கு ஒரு பயம், அது என்னவென்று நீயே படி. பெர்லின் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த ஆளைத் தெருத்தெருவாகப் பின்தொடர்கிறார்கள். வீட்டுத் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி வாங்கி வைப்பதற்கென்று ஒரு குட்டிப் பையனை விடுவார்கள். எல்லோரும் ஓடும்போது அவன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பான். எனக்கு அவனைத்தான் மிகவும் பிடிக்கும். அந்தக் குண்டூசியை மட்டும் மறந்துவிடாதே.

இரண்டாவது, லூயி சாக்கர் எழுதிய ‘ஹோல்ஸ்’ (1998). செய்யாத திருட்டுக்காக ஸ்டான்லி ஒரு முகாமுக்கு அனுப்பப்படுகிறான். வறண்டுபோன ஏரி. தினமும் ஒவ்வொரு பையனும் ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி தோண்ட வேண்டும். குணம் திருந்துவதற்காக என்கிறார்கள். உண்மையில் எதற்காக? அவன் முழுப் பெயர் ஸ்டான்லி யெல்நாட்ஸ். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து வலமிருந்து இடமாகப் படி. அந்த நாவலில் இப்படித்தான், சும்மா சொன்னது மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். வெங்காயம், பழைய பாட்டு, ஒரு ஜோடி காலணி எல்லாமே துப்புதான். இதைப் படித்து முடித்த கையோடு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்த பிள்ளைகளை எண்ணினால் விரல் போதாது.

பிறகு ஈ. எல். கோனிக்ஸ்பர்க்கின் ‘ஃப்ரம் தி மிக்ஸ்டு-அப் ஃபைல்ஸ் ஆஃப் மிசஸ் பேசில் ஈ. ஃப்ராங்க்வைலர்’ (1967). பெயர் நீளம், புத்தகம் சிறிசு. அக்காவும் தம்பியும் வீட்டைவிட்டுப் போய் நியூயார்க்கில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குள் ஒளிந்து வாழ்கிறார்கள். அங்கே இருக்கும் ஒரு சிலை யார் செய்தது என்பதுதான் மர்மம். புதிர்களையே விரும்புகிறவளாக இருந்தால் எலன் ராஸ்கினின் ‘தி வெஸ்டிங் கேம்’ (1978): ஒரு பணக்காரரின் உயில், 16 வாரிசுகள், இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் துப்பு. ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு படி, இல்லாவிட்டால் குழம்பிப் போவாய்.

எமிலிலிருந்து ஆரம்பி. பிறகு எனக்கு எழுது.

கேள்வி: என் பையன் (11) ஒரே தொடர் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். கிறுக்கல் படம் போட்ட நாட்குறிப்பு மாதிரியான கதை. உருப்படியாக எதையாவது படி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

படிக்கட்டும், விடுங்கள். தெரிந்த கதையைத் திரும்பப் படிக்கும்போதுதான் பிள்ளைக்கு வாசிப்பு வேகம் கூடுகிறது. முடிவு தெரிந்திருப்பதால் பயமில்லாமல் வாக்கியத்தைக் கவனிக்கிறான். ‘உருப்படியாக’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அவனுக்குப் பிடித்ததை மட்டம் தட்டியவர் நீட்டுகிற அடுத்த புத்தகத்தை அவன் எப்படி வாங்குவான்? அந்தத் தொடரில் ஒன்றை நீங்களும் படித்துவிட்டு, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று அவனிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘ஹோல்ஸ்’ கொடுத்தால் வாங்கிக்கொள்வான்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் வேற்றுமொழி நாவல்களாகவே இருக்கின்றன. என் மகளுக்கு ஆங்கிலத்தில் நாவல் படிக்கிற அளவுக்கு வராது. தமிழில் என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. பிள்ளைக்கு எந்த மொழியில் சிரிப்பும் அழுகையும் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியில்தான் நாவல் படிக்க வேண்டும். அகராதியைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளையும் நாவலுக்குள் போனதில்லை. ஆங்கிலம் வளர்க்க வேண்டும் என்பதற்காக நாவலைப் பலிகொடுத்த பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு மனக்குறை உண்டு.

தமிழில் கடந்த சில ஆண்டுகளில் நல்ல சிறார் நாவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றது. ஒரு சிறுமியிடம் அவளுடைய மரப்பாச்சி பொம்மை பேசத் தொடங்குகிறது. வெளியே சொல்ல முடியாத ஒரு தொல்லையை எப்படிச் சொல்வது என்பதை அந்தக் கதை பிள்ளைக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல் சொல்கிறது. பெற்றோரும் படித்தாக வேண்டிய நாவல். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023இல் அதே விருது) கீழடியின் பழைய காலத்துக்குள் ஒரு சிறுவனை அழைத்துப் போகிறது. வரலாறு பாடமாக வந்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைக்குக் கொடுங்கள். விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இல் அந்த விருதைப் பெற்றது. 11, 12 வயதுக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. சிறுவர்மணியில் தொடராக வந்த இமயமலைச் சாகசம். நடுநடுவே அறிவியல் செய்திகள் வரும். சில பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள், சிலர் அதற்காகவே படிப்பார்கள். இரண்டும் சரி.

மொழிபெயர்ப்பில் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானின் தெத்சுகோ குரோயானகி 1981இல் எழுதிய அவருடைய சிறுவயது நினைவுகள். கண்டிப்பாகச் சொன்னால் நாவல் இல்லை, ஆனால் பிள்ளைகள் நாவலாகத்தான் படிக்கிறார்கள். முதல் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல் என்கிறார். அவள் பேசுகிறாள். நாலு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடாமல் கேட்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். தாங்கள் பேசுவதை அப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பிள்ளையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது அந்த முகங்களில் தெரியும்.

‘குட்டி இளவரசன்’ பற்றியும் கேட்பீர்கள். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய அருமையான புத்தகம். ஆனால் மெல்லிசாக இருக்கிறது என்பதால் 8 வயதுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்கள் எதை இழந்தார்கள் என்பது பற்றிய கதை அது. இன்னும் எதையும் இழக்காத பிள்ளைக்கு அது பிடிபடாது. 12 வயதில் கொடுங்கள், மறுபடி இருபதில்.

கேள்வி: என் மாணவன் ஒருவன் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வயது 11. சின்னப் பிள்ளைகள் புத்தகம் கொடுத்தால் அவமானமாக உணர்கிறான். பெரிய நாவலைப் பார்த்தால் மிரள்கிறான்.

உங்களுக்குக் கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல்களைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து சின்ன வரிகள்தான் இருக்கும், சுற்றிலும் வெள்ளை இடம். ஆனால் கதை அவன் வயதுக்குரிய கதை. தான்ஹா லாயின் ‘இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்’ (2011): 1975இல் வியட்நாம் போரில் சைகோன் நகரம் வீழ்ந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகும் பத்து வயதுச் சிறுமி ஹா. சொந்த மொழியில் கெட்டிக்காரியாக இருந்தவள், புது மொழி தெரியாததால் வகுப்பில் முட்டாளாகப் பார்க்கப்படுகிறாள். எழுத்தாளரே அந்த வயதில் அப்படிப் போனவர். உங்கள் மாணவனுக்கு அவளுடைய அவமானம் யாரும் விளக்காமலே விளங்கும். அவன் விளையாட்டுப் பிரியனாக இருந்தால் க்வாமி அலெக்ஸாண்டரின் ‘தி கிராஸ்ஓவர்’ (2014), கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்கள். இரண்டையும் நீங்கள் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஒன்று செய்யுங்கள். அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவன் கதை வாசித்துக் காட்டட்டும். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுக்க அவனுக்கு அப்போது ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடும். எங்கள் நூலகத்தில் இது பலித்தது.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது ஆகப்போகிறது. நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனாலும் இரவில் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறான். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அவனாகவே ஒருநாள் நிறுத்திவிடுவான், அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இந்த மிச்ச நாளுக்கு ஒரு நாவல் சொல்கிறேன். பிலிப்பா பியர்ஸ் 1958இல் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’. தம்பிக்கு மணல்வாரி போட்டதால் டாமைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தோட்டம் இல்லாத, விளையாட ஆள் இல்லாத அடுக்கு வீடு. கூடத்தில் பழைய பெரிய கடிகாரம். ஓர் இரவு அது பதின்மூன்று மணி அடிக்கிறது. டாம் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத் தொட்டிகள் இருந்த இடத்தில் பெரிய தோட்டம், அதில் ஹாட்டி என்று ஒரு சிறுமி. ஒவ்வொரு இரவும் போகிறான். அவனுக்கு வயது ஏறவில்லை, அவளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அவள் பெரியவளாக ஆக ஆக அவன் அவள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கிறான்.

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். கெஞ்சுவான், கொடுக்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் டாம் ஊருக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் ஒரு விஷயம் நடக்கும். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் குரல் அங்கே கம்மிவிடும் என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்போது புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை அவன் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.